வலை இல்லாத டென்னிஸ் கோர்ட்... கோஹிமா குன்றில் ஒரு போர்க் கல்லறை!

நாகாலாந்தின் தலைநகர் கோஹிமா. நகரின் நடுவே, லாரிகளும் சுமோக்களும் ஹாரன் அடித்தபடி வளைந்து ஏறும் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு குன்று இருக்கிறது. அடிவாரத்தில் இருந்து உச்சி வரை படிப்படியாக வெட்டிய புல்வெளிகள். ஒவ்வொரு தளத்திலும் வரிசை வரிசையாகச் சிறு கற்கள், அவற்றுக்கு நடுவே பூச்செடிகள். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றும்.

மேலே ஒரு தளத்தில் மட்டும் கல்லறைகளுக்கு இடையே வேறொரு காட்சி. புல்தரையில் வெள்ளைக் கோடுகள் நீளமும் அகலமுமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பார்த்தவுடனே தெரிந்துவிடும், அது ஒரு டென்னிஸ் கோர்ட். வலை கிடையாது, பந்து கிடையாது. கடைசியாக அங்கே யாரோ டென்னிஸ் ஆடி 80 வருடங்களுக்கு மேலாகிறது.

கல்லறைத் தோட்டத்தில் டென்னிஸ் கோர்ட்டுக்கு என்ன வேலை? கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கோர்ட்தான் முதலில் இருந்தது. கல்லறை பிறகு வந்தது.

துரையின் தோட்டம்

பிரிட்டிஷ் ஆட்சியில் நாகா மலை மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்தவர் சார்லஸ் பாஸி. நம் ஊர்க் கணக்கில் கலெக்டர் மாதிரி. நாகா மக்களோடு நெருங்கிப் பழகியவர், மலை கிராமங்களுக்கு நடந்தே போய்ப் பஞ்சாயத்து பேசியவர். அவருடைய பங்களா இந்தக் குன்றின் சரிவில் இருந்தது. பங்களாவுக்கு மேல் தளத்தில் டென்னிஸ் கோர்ட், அதற்கும் மேலே அதிகாரிகளின் கிளப். சுமார் 5,000 அடி உயரம், குளிர்ந்த காற்று. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது ஒரு சின்னச் சொர்க்கம்.

1944-ம் வருடம் மார்ச் மாதம் நிலைமை மாறியது. அப்போது பர்மாவின் பெரும்பகுதி ஜப்பானியர் கையில் இருந்தது. அவர்களுடைய தளபதி முடாகுச்சி, இந்தியாவுக்குள் நுழையத் திட்டம் போட்டார். மணிப்பூரின் இம்பாலைப் பிடிப்பது ஒரு பக்கம். இம்பாலுக்கு உணவும் குண்டும் போகும் ஒரே நல்ல சாலையை நடுவில் அறுப்பது இன்னொரு பக்கம். அந்தச் சாலை திமாப்பூரில் தொடங்கி, மலை ஏறி, கோஹிமாவைத் தொட்டுத்தான் இம்பாலுக்குப் போகிறது. கோஹிமாவைப் பிடித்தால் இம்பாலின் கழுத்தில் கை வைத்த மாதிரி. தப்பித்தவறி திமாப்பூரும் விழுந்துவிட்டால், ரயில் நிலையத்தோடு அங்கே மைல்கணக்கில் குவிந்திருந்த ராணுவக் கிடங்கும் போய்விடும்.

மார்ச் 15-ம் தேதி ஜப்பானின் 31-வது டிவிஷன் சிந்த்வின் ஆற்றைக் கடந்தது. தலைமை, லெப்டினன்ட் ஜெனரல் கோடோகு சாட்டோ. கையில் மூன்று வாரத்துக்கான சாப்பாடுதான். மிச்சத்தை எதிரியின் கிடங்குகளில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது மேலிடத்தின் கணக்கு. சாட்டோவுக்கு அந்தக் கணக்கில் ஆரம்பம் முதலே நம்பிக்கை இல்லை.

இவ்வளவு செங்குத்தான மலைகளைத் தாண்டி ஒரு முழு டிவிஷன் வராது என்று பிரிட்டிஷ் தளபதிகள் நினைத்திருந்தார்கள். வந்தது. வழியில் ஜெஸ்ஸாமி, கராசோம் என்ற இரண்டு மலை கிராமங்களில் அஸ்ஸாம் ரெஜிமென்ட்டின் வீரர்கள் சில நாட்கள் மறித்து நின்றார்கள். பின்வாங்கச் சொல்லும் உத்தரவு கராசோமுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்த கேப்டன் யங் தன் ஆட்களை இரவோடு இரவாக அனுப்பிவிட்டு, தான் மட்டும் அங்கேயே இருந்து செத்துப்போனார். கோஹிமா கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. அந்தச் சில நாட்கள் கிடைத்திருக்காவிட்டால், கோஹிமாவைக் காக்க ஆள் வந்து சேர்ந்திருக்கவே முடியாது.

78 அடிக்கு நடுவே

ஏப்ரல் முதல் வாரம் ஜப்பானியர் கோஹிமாவைச் சூழ்ந்தார்கள். 12,000 பேருக்கு மேல். குன்றின் மேல் இருந்தவர்கள் சுமார் 2,500 பேர். அதிலும் சமையல்காரர்கள், குமாஸ்தாக்கள், கூலிகள் என்று சண்டைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். கர்னல் ஹ்யூ ரிச்சர்ட்ஸ் தலைமையில் ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைபிள்ஸ், இன்னும் கையில் கிடைத்த சின்னச் சின்னப் படைப்பிரிவுகள். கலெக்டர் பாஸியும் ஊரைவிட்டுப் போகவில்லை. தன் தோட்டத்திலேயே பதுங்குகுழியில் இருந்தார்.

முற்றுகை தொடங்கியதுமே தண்ணீர்க் குழாய் இருந்த முகடு ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. பங்களாவுக்குப் பின்னால் சரிவில் ஒரு சிறு ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கும் இருட்டிய பிறகு தவழ்ந்துதான் போக வேண்டும். விமானங்கள் பாராசூட்டில் போட்ட தண்ணீரும் குண்டும் பல தடவை எதிரியின் பக்கம் போய் விழுந்தன. காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்த பள்ளங்களிலும் ஷெல் விழுந்தது. ஒருமுறை காயம்பட்டுப் படுத்திருந்தவர்கள், படுத்த இடத்திலேயே மறுபடி காயம்பட்டார்கள்.

நாளுக்கு நாள் ஒவ்வொரு முகடாகப் பறிபோனது. கடைசியில் காவல் படை கையில் இருந்தது சுமார் 350 கெஜம் சதுரம். பங்களாவை ஜப்பானியர் பிடித்தார்கள். கிளப் பக்கம் பிரிட்டிஷ், இந்திய வீரர்கள். நடுவில் டென்னிஸ் கோர்ட்.

ஒரு டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. தெருவின் இந்த வீட்டில் இருந்து மூன்றாவது வீட்டுக்கு உள்ள தூரம். எதிரியின் இருமல் கேட்கும். அவ்வளவு கிட்டத்தில் பீரங்கியும் விமானமும் உதவாது, கையெறிகுண்டைத்தான் தூக்கிப்போட முடியும். இரவில் ஜப்பானியர் அலை அலையாகக் கோர்ட்டைத் தாண்டி ஓடிவந்தார்கள். விடிந்ததும் கோர்ட்டில் கிடப்பவர்களை எடுக்கக்கூட இரண்டு பக்கத்தாலும் முடியாது. கோர்ட்டின் ஓரத்தில் ஒரு செர்ரி மரம் இருந்தது. ஜப்பானியத் துப்பாக்கி வீரர்கள் அதில் ஏறி மறைந்திருந்து சுட்டார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த முற்றுகையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் வெஸ்ட் கென்ட் வீரர்களைப் பற்றியே எழுதுவார்கள். ஆனால் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஜோட்சோமா என்ற இடத்தில் இருந்து, தங்கள் ஆட்களின் பதுங்குகுழிக்குச் சில கெஜங்கள் முன்னால் குண்டு விழுகிற மாதிரி துல்லியமாகச் சுட்டுக் கொடுத்தவை இந்திய மலைப் பீரங்கிப் படைகள். கொஞ்சம் கை தவறினால் சொந்த ஆட்களே செத்திருப்பார்கள். ஏப்ரல் 18-ம் தேதி முற்றுகையை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே வந்ததும் ஒரு பஞ்சாப் பட்டாலியன்தான்.

வந்தவர்கள் பார்த்தது ஒரு மொட்டைக் குன்றை. இலைகளே இல்லாத மரங்களில் கிழிந்த பாராசூட்டுகள் தொங்கின. புதைக்காத உடல்களின் நாற்றம் வெகுதூரம் அடித்தது.

அத்துடன் முடியவில்லை. முற்றுகை உடைந்ததே தவிர, ஜப்பானியர் நகரவில்லை. கோர்ட்டின் ஒரு பக்கத்தில் அவர்கள், மறுபக்கத்தில் புதிதாக வந்த பிரிட்டிஷ் வீரர்கள் என்று இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் போனது. கடைசியில் சரிவில் பாதை வெட்டி, ஒரு டாங்கியை மேலே ஏற்றி, கோர்ட்டுக்குள் இறக்கினார்கள். மே 13-ம் தேதி டாங்கி மிக அருகில் நின்று பதுங்குகுழிகளைச் சுட, டோர்செட் ரெஜிமென்ட் கோர்ட்டைப் பிடித்தது. அங்கே பங்களா இருந்ததற்கான அடையாளம் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

மே மாதக் கடைசியில் சாட்டோ ஒரு காரியம் செய்தார். ஜப்பானிய ராணுவத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத காரியம். சாப்பாடும் குண்டும் அனுப்பாத மேலிடத்தின் உத்தரவை மீறி, பட்டினியில் கிடந்த தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவரைப் பதவியில் இருந்து நீக்கினார்கள். ராணுவ நீதிமன்றத்தில் விசாரியுங்கள், எல்லாவற்றையும் அங்கே சொல்கிறேன் என்று காத்திருந்தார். மனநிலை சரியில்லை என்று சொல்லி அந்த விசாரணையையே தவிர்த்துவிட்டார்கள். ஜூன் 22-ம் தேதி கோஹிமாவில் இருந்து போன படையும் இம்பாலில் இருந்து வந்த படையும் சாலையில் சந்தித்தன. போர் முடிந்தது.

கோஹிமாவில் மட்டும் பிரிட்டிஷ், இந்தியத் தரப்பில் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் சுமார் 4,000 பேர். ஜப்பானியத் தரப்பில் 5,000-க்கும் மேல். பர்மாவுக்குத் திரும்பும் வழியில் மழையிலும் பசியிலும் நோயிலும் செத்த ஜப்பானியர்கள் இந்தக் கணக்கில் வராதவர்கள்.

விழுந்த இடத்திலேயே

இறந்தவர்களைச் சண்டைக்கு நடுவே அங்கங்கே புதைத்திருந்தார்கள். பதுங்குகுழி ஓரத்தில், சாலை ஓரத்தில், மருத்துவமனைச் சரிவில். போர் முடிந்ததும் அந்த உடல்களைத் தேடி எடுத்து ஓரிடத்தில் சேர்க்கும் வேலை தொடங்கியது. எந்த இடம் என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை. எந்தக் குன்றுக்காக அவர்கள் செத்தார்களோ, அந்தக் குன்றுதான்.

சென்னைவாசிகளுக்கு நந்தம்பாக்கத்தில், மவுன்ட் பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறை தெரிந்திருக்கும். அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் இறந்து, ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த வீரர்களின் கல்லறைகளைப் பிறகு கொண்டுவந்து சேர்த்த இடம் அது. கோஹிமா அப்படியல்ல. இங்கே பலர் படுத்திருப்பது, தாங்கள் கடைசியாக ஓடிய தூரத்துக்குச் சில நூறு அடி தள்ளி. இப்போது கல்லறை வரிசைகள் ஓடும் தளங்கள், அப்போது பதுங்குகுழிகள் இருந்த அதே தளங்கள்.

இரண்டு இடங்களையும் பராமரிப்பது ஒரே அமைப்பு. 1917-ல் லண்டனில் தொடங்கிய போர்க் கல்லறைகள் ஆணையம். தொடங்கிவைத்தவர் ஃபேபியன் வேர். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் குழுவை நடத்தியவர். புதைத்த இடம் யாருக்கும் தெரியாமல் போவதைப் பார்த்து, குறித்துவைக்க ஆரம்பித்தவர். அந்த ஆணையம் வகுத்த விதிகள் அந்தக் காலத்துக்குப் புரட்சியானவை. தளபதியோ சிப்பாயோ எல்லோருக்கும் ஒரே அளவு கல். பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதற்காக உடலை ஊருக்கு எடுத்துப்போகக் கூடாது. இந்த விதியை எதிர்த்து, பிள்ளையை இழந்த பெற்றோர்கள் லண்டனில் பெரிய சண்டையே போட்டார்கள். ஆணையம் மசியவில்லை.

அதனால்தான் கோஹிமாவில் உயரமான தூண்கள், சலவைக்கல் மண்டபங்கள் கிடையாது. மண் சரியும் மலைப்பகுதி என்பதால் நிமிர்ந்த கல்லும் கிடையாது. தரையோடு ஒட்டிய ஒரு சிறிய பீடம், அதில் வெண்கலத் தகடு. பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. கீழே குடும்பத்தினர் விரும்பினால் ஒரு வரி. வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் 21, 23, 19, 26 என்று வரும். பலரும் நாலு தகடு தாண்டுவதற்குள் வயதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற இரண்டு பேரும் இங்கே இருக்கிறார்கள். ஒருவர் லான்ஸ் கார்ப்போரல் ஜான் ஹார்மன். அவருடைய அப்பா இங்கிலாந்துக் கரையோரம் லண்டி என்ற ஒரு தீவுக்கே சொந்தக்காரர். மகன் கோஹிமாவில் ஏப்ரல் 9-ம் தேதி தனியாளாக எதிரியின் குழிக்குள் பாய்ந்து, அங்கிருந்த ஐந்து பேரையும் வீழ்த்திவிட்டுத் திரும்பும்போது குண்டடிபட்டு இறந்தார். லண்டி தீவில் அவருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. உடல் இங்கேதான். தீவின் முதலாளி மகனுக்கும் அதே அளவு தகடுதான்.

இன்னொருவர் கேப்டன் ஜான் ராண்டில். மே 6-ம் தேதி, எதிரியின் பதுங்கு அரணுக்குள் துவாரம் வழியாகக் குண்டைப் போட்டுவிட்டு, அந்தத் துவாரத்தைத் தன் உடலாலேயே அடைத்துக்கொண்டு இறந்தவர். அவருடைய மைத்துனர் லெஸ்லி மேன்சர், இரண்டு வருடம் முன்பு ஜெர்மனி மீது குண்டு வீசப்போன விமானத்தில் இறந்து, அதே விக்டோரியா கிராஸைப் பெற்றிருந்தார். ஒரே குடும்பத்தில் இரண்டு வீரப் பதக்கங்கள். அந்த வீட்டில் இருந்த பெண்களின் நிலைமை பற்றி எந்தத் தகட்டிலும் இல்லை.

917 பெயர்கள்

கோஹிமா கல்லறையில் புதைக்கப்பட்டவர்கள் 1,420 பேர். ஆனால் குன்றின் உச்சிக்கு ஏறினால் இன்னொரு நினைவிடம் இருக்கிறது. தகன நினைவகம். அங்கே 917 பெயர்கள். எல்லோரும் இந்து, சீக்கிய வீரர்கள்.

இவர்களுக்கு ஏன் தனித்தனிக் கல் இல்லை? அவர்களுடைய மத வழக்கப்படி எரியூட்டப்பட்டார்கள், எனவே கல்லறை கிடையாது, பெயர் மட்டும் பலகையில். காரணம் நியாயமானதுதான். ஆனால் நேரில் பார்க்கும்போது ஒன்று உறுத்தாமல் இருக்காது. கீழே தளங்களில் ஒவ்வொருவரையும் தனியாக நின்று பார்க்கலாம், பூ வைக்கலாம். மேலே 917 பேரும் மொத்தமாக ஒரே சுவரில். வருகிறவர்களில் பலர் டென்னிஸ் கோர்ட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இன்னும் சில படிகள் ஏறுவது நல்லது.

'எல்லோருக்கும் சமம்' என்ற விதி எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவும் இல்லை. 2021-ல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. சிலருக்குத் தனிப் பெயர் இல்லை, சிலருக்கு எண்ணிக்கை மட்டும். அந்த அறிக்கை பேசுவது ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் பற்றி, கோஹிமாவைப் பற்றி அல்ல. அந்தத் தவறோடு ஒப்பிட்டால், கோஹிமா சுவரில் 917 பேருக்கும் பெயர் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

பெயரே இல்லாமல் போனவர்கள் வேறு இருக்கிறார்கள்.

இந்தக் குன்றில் செத்த ஜப்பானியர்களுக்கு இங்கே இடம் இல்லை. அவர்கள் செத்த கோர்ட் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை. போருக்குப் பல வருடங்கள் கழித்து, இறந்தவர்களின் பிள்ளைகளும் மனைவிமார்களும் ஜப்பானில் இருந்து கோஹிமாவுக்கு வரத் தொடங்கினார்கள். நகரின் ஆரதுரா மலையில் உள்ள பெரிய கத்தோலிக்கப் பேராலயத்தைக் கட்ட அப்படிப்பட்ட குடும்பங்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

அதே படையெடுப்பில் ஜப்பானியரோடு வந்தவர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினர். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஏராளமானோர் அந்தப் படையில் சேர்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் சீருடையில் ஓர் இந்தியன், எதிரே ஐ.என்.ஏ. சீருடையில் இன்னோர் இந்தியன் என்ற நிலைமை அந்த வருடம் மணிப்பூர் மலைகளில் நிஜமாகவே இருந்தது. போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் ஐ.என்.ஏ.வுக்கு இடம் கிடையாது. அவர்களுக்காக நேதாஜி சிங்கப்பூரில் எழுப்பிய நினைவுச் சின்னத்தை, 1945-ல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்தே போட்டார்கள். மணிப்பூரில் மொய்ராங்கில் பிற்காலத்தில் அமைத்த நினைவகம்தான் இந்தப் பக்கம் அவர்களுக்கு இருக்கும் இடம்.

கல்லை இழுத்து வந்தவர்கள்

கல்லறையின் கீழ்த்தளத்தில், நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு பெரிய முரட்டுக் கல். செதுக்கி மெருகேற்றாமல், மலையில் இருந்து பெயர்த்தபடியே நிற்கிறது. பிரிட்டிஷ் 2-வது டிவிஷனின் நினைவுச் சின்னம் அது. நாகா மக்கள் அந்தக் கல்லைத் தங்கள் வழக்கப்படி இழுத்துக்கொண்டு வந்து நட்டார்கள். பெரிய கற்களை ஊர் கூடி இழுத்து வந்து நிறுத்துவது அங்காமி நாகர்களின் மிகப் பழைய மரபு. நடுகல் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

அந்தக் கல்லில் ஆங்கிலத்தில் சில வரிகள் பொறித்திருக்கிறார்கள். வீடு திரும்பப்போகும் நண்பனிடம், இறந்தவர்கள் சேதி சொல்லி அனுப்புவதாக அமைந்த வரிகள். எட்மண்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் முதல் உலகப் போர்க் காலத்தில் எழுதியவை என்கிறார்கள். அவருக்குத் தூண்டுதல், 2,400 வருடங்களுக்கு முன் தெர்மோபிலேயில் இறந்த ஸ்பார்ட்டா வீரர்களுக்காக சிமோனிடீஸ் என்ற கிரேக்கக் கவிஞர் எழுதிய கல்வெட்டு. எங்கேயோ கிரேக்கத்தில் பிறந்த யோசனை, இங்கிலாந்து வழியாக வந்து நாகா மலைக் கல்லில் ஏறிவிட்டது. இன்று பல போர் நினைவுக்கூட்டங்களில் அந்த வரிகளை வாசிக்கிறார்கள். அவற்றுக்குப் பெயரே 'கோஹிமா வாசகம்' என்று ஆகிவிட்டது.

கல்லை இழுத்து வந்த நாகர்களின் கதைதான் அந்தக் கல்லில் இல்லை.

இந்தச் சண்டை யாருடைய ஊரில் நடந்தது? பிரிட்டனும் ஜப்பானும் மோதிக்கொண்டது நாகர்களின் வயலிலும் வீட்டிலும். கோஹிமா கிராமம் எரிந்து தரைமட்டமானது. நெல் போனது, ஆடுமாடு போனது. மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். இருந்தும் நாகர்கள் வழிகாட்டினார்கள், உளவு சொன்னார்கள், குண்டுப்பெட்டிகளைச் சுமந்து மலை ஏறினார்கள், காயம்பட்டவர்களைத் தோளில் தூக்கி இறங்கினார்கள். பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ஸ்லிம், தன் நினைவுக் குறிப்புகளில் அவர்களை நன்றியோடு புகழ்ந்திருக்கிறார். சுமை தூக்கும்போது ஷெல் பட்டுச் செத்த கிராமத்து மனிதர்களில் பலர் எந்த ராணுவத்தின் பதிவேட்டிலும் இல்லாததால், எந்தத் தகட்டிலும் இல்லை.

அந்தக் கடன் சில பழைய சிப்பாய்களின் மனதை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 2-வது டிவிஷனில் இருந்த முதியவர்கள், 2000-களின் தொடக்கத்தில் கோஹிமா கல்வி அறக்கட்டளை என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். நாகா பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதுதான் வேலை. சண்டை முடிந்து ஏறக்குறைய 60 வருடம் கழித்து, 80 வயதைத் தாண்டிய மனிதர்கள் செய்த காரியம் அது.

போருக்குப் பிறகும் நாகா மலைகள் அமைதியாக இருந்துவிடவில்லை. 1950-களில் இருந்து பல வருடங்கள் வேறொரு துப்பாக்கிச் சத்தம். 1963 டிசம்பரில் நாகாலாந்து தனி மாநிலமானது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கலவரம், ஊரடங்கு. நகரம் வளர்ந்து குன்றைச் சுற்றி நாலாபக்கமும் கட்டடங்கள் எழுந்துவிட்டன. நடுவில் இந்தப் புல்வெளி மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளூர்த் தோட்டக்காரர்கள் புல் வெட்டுகிறார்கள், களை எடுக்கிறார்கள், வெண்கலத் தகடுகளைத் துடைக்கிறார்கள்.

துளிர்த்த செர்ரி

கோர்ட் ஓரத்தில் இருந்த அந்தச் செர்ரி மரம் சண்டையில் சிதைந்து போனது. அடிமரம் மட்டும் மிஞ்சியது. அதில் இருந்து துளிர்த்து வளர்ந்த மரம் இப்போது அதே இடத்தில் நிற்கிறது. பழைய மரத்தின் கதையைச் சொல்லும் ஒரு சிறு பலகையும் உண்டு. செர்ரிப் பூ என்றால் ஜப்பானியருக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் பொறிக்க இடம் கிடைக்காத ஜப்பானியர்களுக்கு, யாரும் திட்டமிடாமலே ஒரு மரம் கிடைத்திருக்கிறது.

2013-ல் லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம், பிரிட்டன் சந்தித்த சண்டைகளிலேயே மிகப் பெரியது எது என்று ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. வாட்டர்லூவையும் நார்மண்டியையும் பின்னால் தள்ளிவிட்டு இம்பால்-கோஹிமா முதலிடம் பிடித்தது. நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இந்தச் சண்டைக்குக் கிடைக்கும் இடம் மிகச் சின்னது. நமக்கு அது வெள்ளைக்காரன் சண்டை. சுதந்திரப் போராட்டத்தின் கணக்கில் அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

டிசம்பர் முதல் பத்து நாட்கள் கோஹிமா அருகே கிசாமாவில் ஹார்ன்பில் திருவிழா நடக்கும். தமிழ்நாட்டில் இருந்தும் போகிறார்கள். நாகாலாந்துக்குள் நுழைய, வெளிமாநிலத்தவர் முன்கூட்டியே இன்னர் லைன் பெர்மிட் எடுத்துக்கொள்ள வேண்டும். ரயிலானாலும் விமானமானாலும் திமாப்பூரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 74 கிலோமீட்டர் மலைப்பாதை. 1944-ல் லாரிகள் ஏறிய அதே பாதைதான். கல்லறையைப் பார்க்கக் கட்டணம் இல்லை. காலை நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது. கிசாமாவில் இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. சண்டையின்போது ஏறமுடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு பழைய டாங்கி, நகரத்துக்குள்ளேயே கம்பி வேலிக்குள் நிற்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் கோஹிமா தகன நினைவகம் என்று தேடினால் அந்த 917 பெயர்களும் வரும். இறந்த இந்திய வீரர்கள் பலரின் பெயரோடு அப்பா பெயர், கிராமம், மாவட்டம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. சிலருக்கு மனைவி பெயரும் உண்டு. பர்மா சண்டைக்குப் போன தாத்தா திரும்பவே இல்லை என்று கதை சொல்லும் குடும்பங்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. கோஹிமாவில் பெயர் இல்லையென்றால் இம்பாலில் தேடலாம். அங்கும் இல்லையென்றால் பர்மாவில் ரங்கூன் நினைவகத்தில், உடல் கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களில் தேடலாம். தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கும். அன்றைக்கு எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள்.